நேரலையில் ஒரு சம்பந்தி

பேனா இருக்கா சார்? சட்டைப் பையில தெரியுது, அதான் கேட்டேன். குடுங்க, முழுங்கிட மாட்டேன். அந்தப் பையைக் காலால தள்ளாதீங்க, உள்ள கண்ணாடி வளையல் இருக்கு. ஏழு டஜன்.

ம், எழுதுது. உள்ளங்கையில ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், மை நல்லா இறங்குது. வந்தவாசி போய்ச் சேர பத்தரை ஆகும்னு கண்டக்டர் சொன்னான். போதும், போதும். எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம். முப்பத்திரண்டு வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதினவன் சார் நான். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், உயில். அண்ணனும் தம்பியும் முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, நடுவுல நான் பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருப்பேன். எனக்கு ஒரு பக்கம்லாம் ஒரு விஷயமா?

என்ன, என் மூஞ்சியையே பார்க்கறீங்க? எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? டிவியில பார்த்திருப்பீங்க. தணிகைவேல். கீழ பேர் போட்டு, பக்கத்துல 'சமூக ஆர்வலர்'னு போடுவாங்க. சாயங்காலம் ஆறு மணி விவாதம். ஆமா, ஆமா. அதேதான். அந்த சம்பந்தி சண்டையில வந்த ஆளுதான்.

பார்த்தீங்களா, நாலு வருஷமா பேசறேன், நூத்தம்பது விவாதத்துக்கு மேல இருக்கும். தண்ணிப் பிரச்சனை, பட்டாப் பிரச்சனை, எவ்வளவோ விஷயம் பேசியிருக்கேன். ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. அந்த நாற்பது செகண்டு மட்டும் ஊருக்கே மனப்பாடம். நேத்து பால் வாங்கப் போனா, கடைக்காரன் 'வாங்க சம்பந்தி'ங்கறான். எங்கிட்ட அடி வாங்கியிருப்பான், பால் பாக்கெட் கையில இருந்துச்சு, விட்டுட்டேன்.

நீங்களும் அந்த நாற்பது செகண்டுதானே பார்த்தீங்க? முழுசாப் பார்க்கலல்ல? அதான். முழுசாப் பார்த்திருந்தா யாரு ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சிருக்கும். நான் ஆரம்பிக்கல சார். எங்கயும் நான் ஆரம்பிச்சதில்ல.

சொல்றேன், கேளுங்க. அந்த ஆளு பேரு ஏகாம்பரம். என் பொண்ணு நிறைமதியை அவர் பையனுக்குத்தான் குடுத்திருக்கேன். பால் சொசைட்டியில செயலாளரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அரசியல்ல அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இது பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே ரெண்டு பேருக்கும் தெரியும். 'கட்சி வெளியில இருக்கட்டும் சம்பந்தி, செருப்பு மாதிரி வாசல்லயே விட்டுட்டு வருவோம்'னு அவர்தான் சொன்னாரு. நல்லாத்தான் போச்சு. தீபாவளிக்கு வருவாரு, பொங்கலுக்கு நாங்க போவோம். வரும்போதெல்லாம் சொந்த நிலத்து வேர்க்கடலை ஒரு பை தூக்கிக்கிட்டு வருவாரு. நல்ல கடலை. அது உண்மை, அதை நான் ஏன் மறைக்கணும்?

ஒரு நாள் டிவியில இருந்து அந்தப் பொண்ணு பிரியதர்ஷினி கூப்பிடுது. விவாதத்துக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறது அதோட வேலை. 'சார், எதிர்ப் பக்கம் பேசற வக்கீலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டுச்சு. நான்தான் ஏகாம்பரம் நம்பரைக் குடுத்தேன். நான்தான் குடுத்தேன். அவரை நாலு பேரு பார்க்கற இடத்துல உக்கார வெச்சதே நான். அந்த நன்றி எங்க போச்சு?

இல்ல, ஒளிச்சு மறைக்கல, சொல்லிடறேன். அவர் மெதுவாப் பேசற ஆளு. ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நான் நாலு பேசிடுவேன். நமக்கும் சுலபமா இருக்கும்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு? ஆட்டம்னா ஜெயிக்கத்தானே ஆடணும்.

அன்னைக்குத் தலைப்பு என்னன்னா, புதுசா வரப்போற மேம்பாலத்துக்கு யார் பேரை வைக்கறதுன்னு. எங்க தலைவர் பேரா, அவங்க தலைவர் பேரா. அதோ, வலது பக்கம் பாருங்க, மூணு தூணு நிக்குது பாருங்க, மேல கம்பி நீட்டிக்கிட்டு. அந்தப் பாலம்தான். இன்னும் கட்டலதான். பேர் முக்கியமில்லையா சார்? நாளைக்குக் கட்டி முடிச்ச பிறகு பேசி என்ன பிரயோஜனம்?

ஏம்பா, முன் சீட்டு. அந்தப் போன் சத்தத்தைக் குறை. பொது இடத்துல எப்படி நடந்துக்கணும்னு உங்க வீட்டுல சொல்லித் தரலையா? முறைக்கறான் பாருங்க. இப்படித்தான் இருக்கு நாடு.

என்ன சொன்னேன்? ஆங், மேக்கப் ரூம். ரெண்டு பேருக்கும் மூஞ்சியில பவுடர் போட்டு உக்கார வெச்சாங்க. போண்டா, காபி குடுத்தாங்க. அங்கதான் நாங்க ஒரு பேச்சு பேசிக்கிட்டோம். உள்ள போயிட்டா சொந்தம் பந்தம் எதுவும் வெளிய வரக்கூடாது. ஐயான்னு கூப்பிடலாம், நண்பர்னு கூப்பிடலாம். சம்பந்திங்கற வார்த்தை வாயில வரவே கூடாது. நான் சொன்னேன், அவர் சரின்னாரு. சரின்னு சொல்லிட்டு என் தட்டுல அவரோட போண்டாவை எடுத்து வெச்சாரு, எனக்குப் பிடிக்கும்னு. இதை நீங்க மறக்கக்கூடாது. வாக்குக் குடுத்தாரு. அப்புறம் மீறினது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

விவாதம் ஆரம்பிச்சுது. முதல்ல நான் பேசினேன், அஞ்சு பாயிண்ட், பட்டாசு மாதிரி. அப்புறம் அவர் பக்கம் திரும்பினாங்க. அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு என்ன சொல்றாரு தெரியுமா? 'ஐயா சொன்னதுல பாதி சரி'ன்னு சொல்றாரு.

பாதி சரி. கேட்டீங்களா? டிவியில உக்காந்துக்கிட்டு எவனாவது அப்படிச் சொல்லுவானா? தப்புன்னு சொல்லு, பொய்யின்னு சொல்லு, நான் பதில் வெச்சிருக்கேன். பாதி சரின்னா நான் என்ன பண்ணுவேன்? மீதிப் பாதி புளுகுன்னு அர்த்தம் ஆகலையா? எனக்கு முன்னாடியே, நான் கூட்டிக்கிட்டு வந்த ஆளு, இத்தனை லட்சம் பேர் பார்க்கறப்ப என்னைப் பாதிப் புளுகன்னு சொல்றான். நெறியாளர் வேற லேசா சிரிச்சான். அங்கதான் ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சது நானா?

விளம்பரம் போட்டாங்க. நெறியாளர் என் காதுகிட்ட வந்து, 'சார், டல்லாப் போகுது, நீங்க அடிச்சு ஆடுங்க'ன்னான். அவன் வேலை அது, அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த நேரத்துல ஏகாம்பரம் என்ன பண்றாருன்னு பார்த்தேன். எனக்குத் தண்ணி பாட்டில் மூடியைத் திறந்து நீட்டறாரு. கடுப்பாயிடுச்சு சார். ஜெயிக்கற மிதப்புன்னு தோணுச்சு.

மறுபடி நேரலை. நான் 'நீங்க'ன்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் வேகத்துல 'நீ'ன்னு வந்துடுச்சு. அவர் மட்டும் விடாம 'ஐயா, நீங்க'ங்கறாரு. நான் 'நீ'ங்கறப்ப அவர் 'நீங்க'ங்கறது எவ்வளவு பெரிய கேவலம் யோசிச்சுப் பாருங்க, என்னை மட்டம் தட்டறதுக்குன்னே பேசின பேச்சு அது. திருப்பி ஒரு 'நீ' போட்டிருந்தா சமமாப் போயிருக்கும், விஷயமே முடிஞ்சிருக்கும். போடல. அப்பதான் 'டா' வந்துச்சு. 'போராளின்னு சொல்லிக்கிட்டுத் திரியறியே, ஜெயில்ல மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்து வெளிய வந்தவன்தானடா நீ'ன்னு கேட்டேன்.

அது உண்மை சார். பொய் சொல்லல. காலேஜ்ல படிக்கறப்ப பஸ் கட்டணப் போராட்டத்துல உள்ள போயிருக்காரு. பதினொரு நாள். அப்புறம் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? அவரே சொன்னாரு. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து, சாப்பிட்டுட்டு எங்க மொட்டை மாடியில வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தோம். அவங்க அம்மாவுக்கு முடியலன்னு ஜெயிலுக்குத் தகவல் வந்துச்சாம். எழுதிக் குடுத்தா விடறோம்னாங்களாம். எழுதிட்டு ஓடியிருக்காரு. வீட்டுக்குப் போனா முந்தின நாளே எடுத்துட்டாங்களாம். எழுதியும் முகத்தைப் பார்க்க முடியல சம்பந்தின்னு அழுதாரு. வாயில வெத்தலையோட ஒரு மனுஷன் அழுது நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

அந்த அம்மா விஷயத்தை நான் டிவியில சொல்லல, கவனிச்சீங்களா? கடிதத்தை மட்டும்தான் சொன்னேன். அந்த அளவுக்கு நாகரிகம் நமக்கு உண்டு.

இப்பத்தான் வருது. நீங்க பார்த்த நாற்பது செகண்டு. நான் கேட்டதும் அந்த ஆளு கோபப்படணும்ல? கத்தணும்ல? எழுந்து போகணும்ல? எல்லாத்துக்கும் நான் தயாரா இருந்தேன். அவர் என்னையே பார்த்தாரு. காமிராவைப் பார்க்கல, நெறியாளரைப் பார்க்கல, என்னையே பார்த்தாரு. பார்த்துட்டு, 'ஆமாங்க சம்பந்தி, எழுதினேன்'னாரு.

அவ்வளவுதான். மூணு வார்த்தை. நெறியாளர் அப்படியே நிமிர்ந்து உக்காந்தான். 'என்னது, சம்பந்தியா'ங்கறான். ரெண்டே நிமிஷத்துல கீழ ஓடுது, சம்பந்திகள் மோதல்னு. நாலு வருஷத்துல முதல் தடவை, எனக்குக் குடுத்த ஒரு நிமிஷத்துல நான் பேசாம உக்காந்திருந்தேன்.

வேணும்னே சொன்னான் சார். வேணும்னே. வார்த்தையை மீறினது அவன். நான் கடிதத்தைத்தான் சொன்னேன், சொந்தத்தைச் சொன்னேனா? அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா இது எல்லா விவாதத்தையும் போல ஒரு விவாதம். யாரோ ஒருத்தனை யாரோ ஒருத்தன் கேட்டான்னு போயிருக்கும். சம்பந்தின்னு சொல்லி என்னைக் கொன்னுட்டான்.

ஏன் தலையை ஆட்டறீங்க? இப்படி ஆட்டினா என்ன அர்த்தம்? நீ என்ன அந்தப் பக்கத்து ஆளா? பஸ்ல உக்காந்து ஓசியில கதை கேட்டுக்கிட்டு, நீ யாருய்யா எனக்குத் தீர்ப்புச் சொல்ல?

சரி, சரி, உக்காருங்க. எழுந்து எங்க போறீங்க, பஸ்ல வேற இடம் இல்ல. ஏதோ வேகத்துல வந்துடுச்சு. உங்களைச் சொல்லல.

மறுநாள் காலையில மதி போன் பண்ணினா. கத்துவான்னு பார்த்தேன். மெதுவாத்தான் பேசினா. 'அப்பா, அது மாமா உங்ககிட்ட மட்டும் சொன்னதாம். அத்தைகிட்டகூட இத்தனை வருஷம் சொன்னதில்லையாம். அத்தை டிவியில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க'ன்னா. நான் விவாதம்னா அப்படித்தாம்மா இருக்கும்னேன். ஏழாம் மாசம் சார் அவளுக்கு. வளைகாப்பு நம்ம வீட்டுல போட்டு, பிரசவம் வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கறதுதானே முறை. ரூமுக்கு வெள்ளையடிச்சு, ஃபேன் மாத்தி, எல்லாம் பண்ணி வெச்சேன். 'நான் வரல, வளைகாப்பு இங்கயே நடக்கட்டும்'னுட்டா. என் சம்சாரமும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க போயி இருபது நாள் ஆச்சு. ஓட்டல்ல சாப்பிடறேன் சார் நான். இந்த வயசுல.

அப்புறம் எங்க வீட்டுக்காரி பேசிப் பேசி, மதி ஒரு நிபந்தனை போட்டா. நான் மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். வாயால இல்ல. 'வாயால நீங்க என்ன வேணா பேசுவீங்கப்பா'ன்னா. போன்ல டைப் அடிச்சும் அனுப்பக்கூடாது. பேப்பர்ல, என் கையெழுத்துல, ஒரு கடிதம். இன்னைக்கு வளைகாப்புக்கு வர்றப்ப மாமா கையில அதைக் குடுத்துட்டா, அவ எங்கூட வீட்டுக்கு வந்துடுவா. பதினொரு மணிக்கு நல்ல நேரம். வளையல் வேற நான்தான் கொண்டு போறேன், அம்மா வீட்டு வளையல்தானே முதல்ல போடணும்.

அதுக்குத்தான் உங்க பேனா. பேப்பர் இருக்கு, இதோ பாருங்க, லெட்ஜர் பேப்பர், நாலா மடிச்சுக் கொண்டு வந்தேன். ஒண்ணுதான். ஒண்ணு போதும்னு நெனச்சேன். நான் எழுதினா அடித்தல் திருத்தல் இருக்காது. ரிஜிஸ்திராரே சொல்லுவாரு.

எழுதலாம்னா முதல் வரி இடிக்குது. யாருக்குன்னு போடணும்ல? 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு போட்டா அது மனு மாதிரி இருக்கு. 'அன்புள்ள நண்பருக்கு'ன்னா அவன் என்ன எனக்கு நண்பனா? 'திரு. ஏகாம்பரம் அவர்களுக்கு'ன்னா மதி அங்கயே கிழிச்சுப் போட்டுடுவா. மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான். அதைப் போட்டுட்டா மீதி தன்னால வந்துடும், எனக்கே தெரியுது. அதை எப்படி சார் என் கையால எழுதறது? எந்த வார்த்தையால என்னைக் கவுத்தானோ அதையே எழுதி, அன்புள்ளன்னு வேற முன்னாடி போட்டு.

இருங்க, போன் அடிக்குது. அந்தப் பிரியதர்ஷினி பொண்ணு. சொல்லும்மா. பஸ்ல இருக்கேன். இன்னைக்கா? தலைப்பு என்ன? 'பொதுவாழ்வில் நாகரிகம் குறைகிறதா'வா? நல்ல தலைப்பு. பேச வேண்டிய தலைப்பும்மா. அவரா? அவர் வர மாட்டாரு, அவரை விடு. நான் வர்றேன். போன்லயே வர்றேன், ஆறு மணிக்கு லைன் போடு. நான் நல்லா இருக்கேன். மூணு வாரமா கூப்பிடாம இருந்தீங்களே, அதான் ஒரு மாதிரி இருந்துச்சு. சரிம்மா.

நாகரிகம் சார் தலைப்பு. என்னைக் கேக்காம யாரைக் கேப்பாங்க? ஒரு நிமிஷம், மறக்கறதுக்குள்ள குறிச்சுக்கறேன். முதல் பாயிண்ட், பொது மேடையில பேசறவங்களுக்கு வாக்குச் சுத்தம் வேணும், முன்னாடி பேசி வெச்சதை மீறக்கூடாது. ரெண்டு, குடும்ப உறவுகளை விவாதத்துக்குள்ள இழுக்கறது அநாகரிகம். மூணு, எதிராளியோட கருத்தைப் பாதி சரி, முக்கால் சரின்னு நையாண்டி பண்றது. நாலு... கொஞ்சம் நகருங்க, முழங்கை இடிக்குது. நாலு, மரியாதை குடுக்கற மாதிரி குடுத்து அவமானப்படுத்தறது. இதை யாருமே பேசல பாருங்க. அஞ்சு.

பேப்பரா? ஆமா, அந்தப் பேப்பர்தான். வேற எது இருக்கு? பின்பக்கம் இருக்கே. பின்பக்கத்துலயும் ரெண்டு பாயிண்ட் போயிடுச்சு. சரி, ஓரத்துல எழுதிக்கலாம். இல்லன்னா வேற பேப்பர் வாங்கிக்கலாம், வந்தவாசியில பேப்பர் கிடைக்காதா?

எந்த ஊர் இது? அதுக்குள்ளயா வந்துடுச்சு? அடுத்தது ரைஸ்மில் ஸ்டாப்பிங், நான் அங்கதான் இறங்கணும். அவங்க வீடு அங்கதான், ரோட்டுல இருந்து ரெண்டாவது தெரு. அதோ, பந்தல் தெரியுது. வாழைமரம் கட்டியிருக்காங்க.

அதோ பாருங்க. கறுப்புக் குடை, வெள்ளை வேட்டி. அவன்தான். இந்த வெயில்ல ரோட்டுக்கு வந்து நிக்கறான் பாருங்க. யாரு வரச் சொன்னா? வீட்டுல உக்காந்திருந்தா நான் பாட்டுக்குப் போயி, மதிகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். வெறுங்கையோட இவன் முன்னாடி எப்படி இறங்கறது?

கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ஞ்சு உக்காருங்க சார். ஜன்னலை மறைங்க. பையை மடியில வெச்சுக்கறேன். இந்தக் கண்ணாடி வளையல் ஒண்ணு, அசைஞ்சாப் போதும், சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துடும். இருங்க, கட்டிப் பிடிச்சுக்கறேன். பேசாதீங்க.

கண்டக்டர்கிட்ட ஏதோ கேக்கறான். படியில ஏறிட்டான். 'எங்க சம்பந்தி இந்த பஸ்லதான் வர்றேன்னாங்க, கொஞ்சம் பாருங்களேன்.' கேட்டுச்சா? பஸ் பூரா கேக்கற மாதிரி. 'சம்பந்தி, சம்பந்தி இருக்கீங்களா?' எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. அந்த முன் சீட்டுக்காரன் போனைத் தூக்கறான் பாருங்க. நீங்க வாயைத் திறந்தீங்க, நடக்கறதே வேற.

இறங்கிட்டான். விசில் அடிச்சாச்சு. போகட்டும். பஸ் ஸ்டாண்டுல இறங்கி நான் யோசிச்சுக்கறேன். பதினொண்ணுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. திரும்பிப் பார்க்காதீங்க சார், அவன் இன்னும் அங்கயேதான் நிப்பான்.

இந்தாங்க உங்க பேனா. சரியா எழுத மாட்டேங்குது.

ஒண்ணு மட்டும். நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் சாட்சி. நான் ஒரு வார்த்தை பேசல, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். நீங்களே பார்த்தீங்கல்ல, இப்பவும் அவன்தான் ஆரம்பிச்சான்.